நாக்குக்கு வாழ்க்கைப்பட்ட வயிறு

அவருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவர் மனைவி "மருந்துக் கம்பெனி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அதற்கு மேல் சொன்னால் கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்பது அவளுக்கு அனுபவம். வயிற்றுப்புண்ணுக்கு மூலிகைச் சாறு காய்ச்சி பாட்டிலில் அடைத்து விற்கிற கம்பெனியில், அந்தச் சாற்றை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவதுதான் அவருடைய உத்தியோகம். அதற்கு மாதச் சம்பளம் உண்டு. தனி அறை உண்டு. அறைக் கதவில் 'சுவைச் சோதனை நடக்கிறது, சத்தம் போடாதீர்கள்' என்று பலகை உண்டு, ஏதோ உள்ளே குழந்தை தூங்குகிற மாதிரி. தொழிற்சாலையில் எல்லோரும் நேரில் அவரை 'அண்ணன்' என்பார்கள். முதுகு மறைந்ததும் 'நாக்கண்ணன்' ஆகிவிடுவார். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபமெல்லாம் இல்லை, உள்ளூரச் சந்தோஷம்தான். மூக்கன், சொட்டை, தொப்பை என்று ஆளுக்கு ஆள் பெயர் வைக்கிற இடத்தில் தனக்கு நாக்கு கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவரும் பாட்டிலுக்கு மூடி போடுகிற பகுதியில்தான் இருந்தார். ஒரு நாள் விரலில் வழிந்த மருந்தை நக்கிப் பார்த்துவிட்டு, "இது அடிப்பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே பாத்திரத்தின் அடி கருகிக் கிடந்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், இந்த மாதிரி நாக்கு எவனிடம் இருக்கிறது என்று சொல்லி, அவரை மூடி போடுகிற இடத்திலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. 'ஒவ்வொரு துளியும் நாவால் சோதிக்கப்பட்டது' என்று பாட்டிலின் லேபிளிலேயே அச்சடித்துவிட்டார். வாங்குகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு குடித்தார்கள். யாருடைய நாவால் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் குடித்திருக்க மாட்டார்கள்.

அந்த மருந்தில் அதிமதுரம், கற்றாழை, அப்புறம் ஒரு கசப்புப் பட்டை. பட்டையின் பெயர் பரம ரகசியம் என்று முதலாளி எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். பட்டை வருகிற மூட்டைகளில் அதன் பெயர் முழ நீள எழுத்தில் அச்சாகியிருக்கும், மூட்டைகள் வாசலிலேயே வெயிலில் கிடக்கும் என்பது வேறு விஷயம். வேரையும் பட்டையையும் இடித்து, பெரிய எஃகுப் பாத்திரத்தில் நீராவியில் வேகவிட்டு, துணியில் வடிகட்டி, கெட்டியாகக் குறுகும்வரை காய்ச்சுவார்கள். காய்ச்சுகிறவர் தடித்த, சிரித்த முகமுள்ள ஆள். அவர் ஒரு குவளையில் சாற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார்.

இவர் உடனே எடுத்துவிடமாட்டார். முதலில் குவளையைப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடுவார். ஒரு கரண்டி வாயில் போட்டு, அதை முன்னால் உருட்டி, பின்னால் தள்ளி, இரண்டு கன்னத்துக்கும் பங்கு கொடுத்து, பக்கத்திலிருக்கும் எவர்சில்வர் பேசினில் துப்புவார். வெந்நீரால் வாய் கொப்பளிப்பார். அப்புறம் தீர்ப்பு வரும். "வேர் முன்னால வந்து நிக்குது. பட்டை பின்னால ஒளிஞ்சிருக்கு" என்பார். காய்ச்சுகிறவர் யாரோ காணாமல்போன மாதிரி கவலையோடு தலையாட்டுவார். கடைசியில் அநேகமாக எல்லா நாளும் ஒரே தண்டனைதான்: "இன்னொரு கொதி விடுங்க." குவளை திரும்பிப் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும், இவர் மறுபடியும் ருசிப்பார். "ம். இப்ப பேசுது" என்பார். அன்றைய காய்ச்சல் பாட்டிலுக்குப் போகும்.

இந்த நாக்கோடு குடும்பம் நடத்தியவள் பாட்டைக் கேட்க வேண்டாம். அவர் முதல் வாயை எடுத்துவைத்துக் கண்ணை மூடினால், அவள் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டும். "வெங்காயம் அவசரப்பட்டுருச்சு" என்பார். "பருப்பு இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்பார். கல்யாணம் ஆன புதிதில் மாமியார் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பு சரியாகக் கழுவப்படவில்லை என்று சொன்னவர் அவர். 'நல்லாருக்கு' என்கிற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. குறை ஒன்றும் அகப்படாவிட்டால் பேசாமல் சாப்பிடுவார். அந்த மௌனத்தையே பாராட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

அவளுடைய தம்பி கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தான். மாமாவின் கம்பெனி மருந்தையும் ஒரு தட்டில் அடுக்கியிருந்தான், உறவை முறித்துக்கொள்ள முடியுமா என்ன. "உங்க மருந்து நல்லாத்தான் போகுது மாமா. வாங்கினவங்களே திரும்பத் திரும்ப வர்றாங்க" என்பான். மாமாவுக்கு நெஞ்சு விரியும். குணமானவன் எதற்குத் திரும்ப வருகிறான் என்கிற கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. மச்சினனுக்குத் தோன்றியது, ஆனால் அவனும் வியாபாரி.

இனி அவருடைய விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட நாக்கு சுத்தமான நாக்கு அல்ல என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, முதலாளிகூட. காலையில் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகாது. டீ கிடையாது, காப்பி கிடையாது. சோதனை எல்லாம் முடிந்து, மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கிற நேரத்தில்தான் தன் டப்பாவைத் திறப்பார். இப்படிப் பட்டினி கிடந்தால் தலை வலிக்காதா? வலித்தது. அதற்குத் தலைவலி மாத்திரை வைத்திருந்தார். அதை நாக்கில் படாமல் தொண்டைக்குள் எறிந்து தண்ணீர் ஊற்றுவதில் அவர் கைதேர்ந்தவர். நாக்கில் படாத வரைக்கும் எந்தக் கெட்ட பொருளும் அவர் கணக்கில் சேராது.

கொஞ்சம் நின்று கவனியுங்கள். வயிற்றுப்புண்ணை ஆற்றுகிற மருந்தை வாயில் வைத்துத் துப்பினார். வயிற்றைப் புண்ணாக்குகிற மாத்திரையை வாயில் படாமல் விழுங்கினார். இதை வருஷக்கணக்காக, ஒரு நாள் தவறாமல், வெறும் வயிற்றில் செய்தார். இதைவிடப் பக்குவமாக ஒருவர் தன் வயிற்றில் புண்ணை வளர்க்க முடியாது.

வலி வந்ததும் அவர் அதற்கு 'வாயு' என்று பெயர் வைத்தார். மார்புக்குழிக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். சாப்பிட்டால் அடங்கும், வயிறு காலியானால் எழுந்து உட்காரும். சோதனை அறையில் மேசை விளிம்பில் வயிற்றை அமுக்கிக்கொண்டு குனிவார். அண்ணன் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று காய்ச்சுகிறவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார். அந்தக் காலத்தில் தீர்ப்புகள் எல்லாம் கடுமையாக இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற தீர்ப்புக்கு ஒரு தனி மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

மனைவி கண்டுபிடித்தது பெல்ட்டைப் பார்த்து. அவர் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தார். அவள் கேட்டதற்கு, வயதானால் உடம்பு இறங்கும் என்றார். அவள் அதற்குமேல் அவரிடம் பேசவில்லை, நேராகத் தம்பியிடம் போனாள். டாக்டரிடம் வா என்றால் அவர் வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். மச்சினன் ஒரு வழி வைத்திருந்தான். "மாமா, அந்த வயித்து டாக்டரம்மா உங்களைப் பாக்கணும்னாங்க. உங்க மருந்தைப் பத்தி ஏதோ விசாரிக்கணுமாம்" என்றான். மாமா இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா மருந்தைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. படுக்கச் சொல்லி வயிற்றில் ஓரிடத்தில் அழுத்தினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் விட்டார். அடுத்து வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் கைகட்டி நிற்கும் அந்த நாக்கின் மேல், ஒரு வார்த்தை அனுமதி கேட்காமல் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று ஊர்ந்து உள்ளே போனது. திரையில் வயிற்றின் உட்புறம் தெரிந்தது. செந்நிறச் சுவரில் வெள்ளையாக அடி தெரிகிற ஒரு பள்ளம். பக்கத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, "எங்க மருந்து இதுக்குத்தானே டாக்டர்?" என்றுதான். டாக்டரம்மா பொறுமைசாலி. எரிச்சலுக்கு அது இதமாக இருக்கலாம், அதிமதுரத்தைப் பற்றி ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறது, மூலிகை என்பதற்காகத் தான் எதையும் தள்ளிவிடுகிற ஆள் இல்லை என்றாள். ஆனால் இவர் வயிற்றில் ஒரு கிருமி குடியேறியிருக்கிறது, அதைக் காலி செய்ய மாத்திரை வேண்டும், தலைவலி மாத்திரையை இன்றோடு தலைமுழுக வேண்டும், காலையில் எழுந்ததும் சாப்பிட வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். அப்புறம் அவள் சொன்னதுதான் இடி.

"மாத்திரை சாப்பிடுற வரைக்கும் வாயில இரும்பை வச்ச மாதிரி ஒரு கசப்பு இருக்கும். எதைச் சாப்பிட்டாலும் அதே ருசிதான். பயப்படாதீங்க, நிறுத்தினதும் போயிடும்."

"போகலைன்னா?"

"போயிடும். வயித்துல ஓட்டை விழுந்தாதான் எதுவும் போகாது, ஆளுதான் போகணும்."

கடைசி வாக்கியம் மனைவியின் காதில் மட்டும் விழுந்தது. அவருக்கு 'எதைச் சாப்பிட்டாலும் அதே ருசி' என்பதோடு காது அடைத்துவிட்டது. ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் நாக்கு. நாக்கு போனால் நாற்காலி போகும், பலகை போகும், மறுபடியும் மூடி போடுகிற இடம்தான். வயிறு போனால் என்ன போகும் என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை. அப்படி யோசிக்கிறவராக இருந்தால் அவருக்கு அந்தப் பள்ளமே விழுந்திருக்காது.

வீட்டுக்கு வந்து தீர்ப்பை அறிவித்தார். மாத்திரை வேண்டாம், தன் கம்பெனி மருந்தையே சாப்பிடப் போகிறார். ஊருக்கெல்லாம் கொடுக்கிற மருந்து நமக்கு ஆகாதா என்று கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கம்பெனியில் பாட்டில் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்பதால், மச்சினன் கடைக்குப் போய்க் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வாங்கினார். மச்சினன் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். "வாழ்க்கையில முதல் தடவையா உங்க மருந்தை நீங்களே வாங்குறீங்க மாமா. லேபிளைப் படிச்சிட்டுக் குடிங்க" என்றான்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று ஒழுங்காகத்தான் நடந்தது. வலி மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. மருந்தில் ஏதோ கோளாறு என்று அவர் சந்தேகிக்கவில்லை, வயிற்றின் மேல்தான் சந்தேகப்பட்டார். ஒரு காலை, வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி பீங்கானில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தாள். நேற்றும் தேய்த்தாள், முந்தாநாளும் தேய்த்தாள், அதே கறை. அவர் மருந்து சாப்பிட வந்தபோது கதவுப் பக்கமாக ஒதுங்கி நின்று பார்த்தாள். அவர் ஒரு கரண்டி ஊற்றினார். கண்ணை மூடினார். முன்னால் உருட்டினார், பின்னால் தள்ளினார், இரண்டு கன்னத்துக்கும் பங்கு கொடுத்தார், பேசினில் துப்பினார், வாய் கொப்பளித்தார். துண்டால் துடைத்துக்கொண்டு, மருந்து சாப்பிட்ட மனிதனின் நிம்மதியோடு திரும்பினார்.

"மருந்து சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்டாள்.

"ஆச்சு."

"எங்க சாப்பிட்டீங்க?"

அவர் பேசினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த நிமிடம்வரை அவருக்கே தெரியாது. நாக்கு தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது, அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அன்றிலிருந்து அவள் எதிரில் நின்று விழுங்க வைத்தாள். அது லேசான காரியமாக இல்லை. அந்தச் சாற்றைக் கண்டால் அவருடைய தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். குமட்டும், இருமும், கண்ணில் நீர் வரும். ஒரு மிடறு உள்ளே இறங்கியதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே. "தொண்டைக்குக் கீழ வேற மாதிரி இருக்கு" என்றார். அந்த மருந்தைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவருக்கு அது கீழே எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு மூன்று நாள் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. "பாத்தியா?" என்று அவர் மனைவியைக் கேட்டார், மச்சினனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அதற்கப்புறம் கிருமி தன் வேலையைப் பார்த்தது. தலைவலி மாத்திரையையும் அவர் விட்டபாடில்லை. பட்டினியையும் விடவில்லை. சுத்தமான நாக்குக்கு அதெல்லாம் அவசியம் அல்லவா?

அன்று தொழிற்சாலைக்கு வெளியூர் விற்பனையாளர்கள் வந்திருந்தார்கள். முன்வாசலில் தரைவிரிப்பு, குளிர்பானம், முதலாளி புதுச் சட்டையில். சுற்றிப் பார்க்கிற வரிசையில் கடைசியாக 'நாவால் சோதனை' காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்பாகவே, காய்ச்சுகிறவர் குவளையை மேசையில் வைத்த நேரத்தில், அண்ணன் பேசின் மேல் குனிந்தார். துப்பியது மருந்து அல்ல. ஆனால் நிறம் ஏறக்குறைய அதேதான், காப்பிப்பொடியைக் கரைத்து ஊற்றிய மாதிரி. காய்ச்சுகிறவர் முதலில் அண்ணன் இன்றைக்கு அதிகமாகவே ருசி பார்த்துவிட்டார் என்று நினைத்தார். அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்தபோதுதான் கத்தினார்.

முதலாளி ஓடிவந்தார். நல்ல மனிதர், கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனால் வயிற்றுப்புண் மருந்துக் கம்பெனியின் நாக்கு வயிற்றுப்புண்ணில் ரத்தம் கக்குகிறது என்பது அவருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. "பின்வாசல், பின்வாசல்" என்றார். பட்டை கொண்டுவருகிற வண்டியில், காலி மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்துக் காய்ச்சுகிறவர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். முன்வாசலில் விற்பனையாளர்களுக்கு இன்னொரு சுற்றுக் குளிர்பானம் வந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் இரும்பு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தான், அவள் காதில் விழவில்லை. அந்த மனிதர் தன் சமையலை ஒரு நாளாவது வாயாரப் பாராட்டியிருந்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிடம், குறை சொல்லவாவது அவர் எழுந்து வரட்டும் என்றிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம், இப்போது பிழைத்துக்கொண்டார் என்றாள். அவள் அங்கேயே உடைந்து அழுதாள்.

இந்த முறை மாத்திரைக்கு மறுப்பு இல்லை. மறுத்துப் பேச உடம்பில் தெம்பும் இல்லை. மனைவி கையால் எடுத்துக் கொடுத்தாள், அவர் விழுங்கினார். முதலாளி பழங்களோடு பார்க்க வந்தார். கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே வேலை செய்கிறார் என்று இங்கே யாரிடமாவது சொன்னாரா என்று மெதுவாக விசாரித்தார். சொல்லவில்லை என்று தெரிந்ததும் முதலாளியின் வயிற்றில் பால் வார்த்தது போல் ஆகிவிட்டது. "உடம்பைப் பாத்துக்குங்கண்ணே. முடிஞ்சப்ப வாங்க. ஆனா சீக்கிரம் முடியட்டும், நீங்க இல்லாம ஒரு பாட்டில்கூட வெளிய போகல, லேபிள்ல போட்டுட்டோமே" என்றார். அந்த வார்த்தை அவருக்கு ஏறிய ரத்தத்தைவிட அதிகத் தெம்பு கொடுத்தது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, மனைவி கத்தக் கத்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாத்திரை இன்னும் முடியவில்லை.

குவளை வந்தது. கண்ணை மூடினார். ஒரு கரண்டி வாயில் போட்டார். இரும்பு. உருட்டினார், தள்ளினார், கன்னங்களுக்குப் பங்கு கொடுத்தார். எங்கே போனாலும் இரும்புதான். அதிமதுரம் இருக்கிறதா, பட்டை இருக்கிறதா, அடிப்பிடித்திருக்கிறதா, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது. நாக்கு செத்துப்போயிருந்தது. எதிரில் காய்ச்சுகிறவர் கைகட்டி நின்றார். "சரி" என்றார் இவர்.

"சரியா? இன்னொரு கொதி வேண்டாமாண்ணே?"

"வேண்டாம். போகட்டும்."

அன்று போயிற்று. மறுநாளும் போயிற்று. எல்லாக் காய்ச்சலும் ஒரே 'சரி'யில் பாட்டிலுக்குப் போனது. அவருக்கு வீட்டில் கஞ்சி இறங்கவில்லை. கருகிய மருந்து எந்தப் புண்ணியவான் வயிற்றில் என்ன செய்கிறதோ, எப்போது முதலாளி கூப்பிட்டுக் கழுத்தைப் பிடிப்பாரோ என்று, போன் அடிக்கும்போதெல்லாம் பதறி எழுந்தார். கடைசியில் ஒரு நாள் முதலாளி கூப்பிடத்தான் செய்தார். அவர் மனதுக்குள் நாற்காலியைக் காலி செய்துகொண்டே போனார். முதலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வருகிற சரக்கு மாதிரி எப்போதும் வந்ததில்லை என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்களாம். தாமதமும் இல்லையாம். "உடம்பு தேறினதுல நாக்கு இன்னும் கூர்மையாயிருச்சுண்ணே. நம்ம மருந்தைத்தானே சாப்பிட்டீங்க?" என்றார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயில் இரும்பு ஊறிக்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பியபோது காய்ச்சுகிறவர் காத்திருந்தார். குவளை இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூட்டை மேல் படுக்கவைத்து வண்டி ஓட்டிப் போன நாளிலிருந்து மனசு கேட்கவில்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார்.

"நீங்க 'இன்னொரு கொதி'ன்னு சொல்லுவீங்கல்லண்ணே. நாங்க கொதிக்க வச்சதில்ல. அடுப்பை அணைச்சிட்டா மறுபடி ஆவி ஏற நேரமாகும். குவளையைக் கொஞ்ச நேரம் வெளிய வச்சிட்டு அதையே திரும்பக் கொண்டு வருவோம்."

"ஒரு தடவைகூடவா கொதிக்க வைக்கல?"

"ஒரு தடவைகூட இல்லண்ணே. நீங்க 'இப்ப பேசுது'ன்னு சொல்லிடுவீங்க."

அவர் சிரித்தார். உண்மையிலேயே சிரிப்பு வந்தது, நிற்கவும் இல்லை. காய்ச்சுகிறவர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினார். தண்ணீர் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. பேசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாக்கு செத்த நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி போட்டதைச் சொன்னார். முதலாளி கையைப் பிடித்ததைச் சொன்னார். கொதிக்காத கொதியைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வஞ்சம் தீர்ப்பாள், அதற்குத் தான் தகுதியானவன்தான் என்று நினைத்து அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"இதுக்காகவா?" என்றாள். "இந்த நாக்குக்காகவா அந்த மாத்திரையை வேண்டாம்னீங்க? இதுக்காகவா என்னை அந்த பெஞ்சுல உக்கார வச்சீங்க?"

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "பயமா இருந்துச்சு" என்றார் கடைசியில். "அது இல்லேன்னா என்னை எதுக்கு வச்சிருப்பாங்கன்னு."

"கம்பெனியில வச்சிருப்பாங்களோ மாட்டாங்களோ. நான் உங்களை நாக்குக்காகவா வச்சிருக்கேன்? அதைச் சகிச்சுக்கிட்டில்ல வச்சிருக்கேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு அழுதாள். அவரும் அழுதார்.

மாத்திரை முடிந்து இரும்பு மெல்ல மெல்ல வாயைவிட்டு இறங்கியது. ஒரு காலை, அவள் தனக்காக எடுத்துவைத்திருந்த தட்டுக்கு எதிரில் அவர் வந்து உட்கார்ந்தார். வேலைக்குப் போகிற நாளில், போகிற நேரத்தில். அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பரிமாறினாள். அவர் கண்ணை மூடாமல் சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொறுமையாகக் கை கழுவிவிட்டு, நிறைந்த வயிறும் அழுக்கான நாக்குமாகக் கிளம்பினார். தொழிற்சாலைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நன்றாக நேரமாகிவிட்டது. அன்றைய மருந்து அதற்குள் பாட்டிலில் இறங்கி, 'ஒவ்வொரு துளியும் நாவால் சோதிக்கப்பட்டது' என்கிற லேபிளும் ஒட்டி, வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.